கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய் இறக்க: சின்ன யானையா, 1.7 டன் பிக்கப்பா?

கோத்தகிரி விவசாயி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே எங்களுக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் தோட்டமும், அதை ஒட்டிக் கொஞ்சம் தேயிலையும் இருக்கின்றன. இதுவரை வாடகை வண்டியில்தான் காயை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பி வந்தோம். அறுவடை நாட்களில் வண்டி கிடைக்காமல் கழுவிக் கட்டிய மூட்டைகள் சாலையோரம் கிடப்பதைப் பார்த்துச் சலித்துப் போய், சொந்தமாக ஒரு வண்டி வாங்க முடிவு செய்திருக்கிறோம்.

எந்த வண்டி என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. டாடா ஏஸ், அதாவது சின்ன யானை, போதும் என்கிறான் தம்பி. மலைக்குச் சின்ன வண்டி ஆகாது, பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் சுமை ஏற்றும் வகையை எடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. சாதாரண நாளில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மூட்டை வரை இறங்கும். ஒரு மூட்டை ஐம்பது கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். பருவத்தில் இது இரண்டு மடங்காகிவிடும். திரும்பும்போது சில நாட்கள் உரமூட்டை ஏற்றி வருவோம். நடுவில் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போக வேண்டும். பெரிய வண்டிக்குச் சொல்லும் விலை சின்னதைப் போல இரண்டு மடங்கை நெருங்குகிறது. இந்தப் பாதையில் இரண்டையும் ஓட்டியவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைப்பாதை ஓட்டுநர்

உங்கள் அப்பா சொல்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் பலரும் நினைப்பதுபோல் ஏறும் சக்தி அதற்கு முதல் காரணம் இல்லை.

சக்தியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெட்ரோல் ஏஸின் இன்ஜின் 30 குதிரைத்திறன். முழு லோடுடன் வண்டியின் மொத்த எடை சுமார் ஒன்றரை டன். 1.7 டன் பிக்கப்பின் இன்ஜின் 75 குதிரைத்திறன் அளவில் இருந்தாலும், முழு லோடு ஏற்றினால் மொத்த எடை மூன்றரை டன்னை ஒட்டி வந்துவிடும். டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று வகுத்தால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. இரண்டிலும் அதே எழுநூறு கிலோவை ஏற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும்: சின்ன வண்டி தன் எல்லையைத் தொட்டு நிற்கும்போது, பெரிய வண்டி பாதிச் சுமை கூட இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

உங்களுக்கு லோடு இறக்கத்தில்தான் வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே சுமார் 33 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் குறைகிறது. ஒன்றரை டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், கணக்குப்படி பார்த்தால், வீட்டு மீட்டரில் ஓடும் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்க வேண்டும். தாங்காத மிச்சம் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுபவர்களும், அதைவிட மோசமாகச் சாவியையே அணைத்துவிடுபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் மிதியை லேசாக்கும் வேக்குவமும் (வெற்றிட இழுப்பும்) தீர்ந்து, மிதி கல்லைப் போல இறுகிவிடும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பதினைந்து மூட்டை என்றால் 780 கிலோவுக்குக் குறையாது. ஏஸுக்கு நிறுவனம் அனுமதிக்கும் சுமையோ 750 கிலோ. அதாவது உங்கள் சாதாரண நாளே அந்த வண்டிக்கு உச்ச நாளாக இருக்கும். சமவெளியில் எப்போதாவது ஒரு நாள் அப்படி ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. குஞ்சப்பனை வரை வரிசையாக வளைவுகள் உள்ள சாலையில் தினமும் அப்படி இறங்குவது வேறு விஷயம். அங்கே யானை சாலையைக் கடந்தால், சூடேறிய பிரேக்குடன் இறக்கத்திலேயே நிற்கவும் வேண்டியிருக்கும்.

தேயிலைத் தோட்டம்

மேலே எழுதிய ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியில் தேயிலையும் இருக்கிறது. பச்சை இலையை அழுத்திக் கட்டக் கூடாது, அழுத்தினால் சூடாகிக் கருத்துவிடும். அதனால் எடை ஏறுவதற்கு முன்பே வண்டியின் தொட்டி நிரம்பிவிடும். அந்த வேலைக்கு 1.7 டன் திறன் முழுக்க வீண்.

இன்னொன்று, தோட்டத்துக்குள் போகும் பாதை. ஏஸின் திரும்பு ஆரம் 4.3 மீட்டர்தான்; எங்கள் தோட்டப் பாதைகளில் அது ஒரே மூச்சில் திரும்பும் வளைவில், பிக்கப்பை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப முடிகிறது. ஒரு பக்கம் சரிவாக இருக்கும் பாதையில் மழை நாளில் அது இனிமையான வேலை இல்லை. மேலும் கனமான சுமைக்கென்று அமைத்த ஸ்பிரிங், காலியாக ஏறும்போது விறைத்துக் குதிக்கும். பின்சக்கர இயக்கம் என்பதால் ஈர மண்ணில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் வரும் பருவ லோடுக்காகப் பெரிய வண்டியின் தவணையைப் பன்னிரண்டு மாதமும் கட்டுவதைவிட, அந்த வாரங்களில் மட்டும் வாடகை வண்டி அமர்த்துவது கையைக் கடிக்காது.

கோத்தகிரி விவசாயி

இருவருக்கும் நன்றி. எங்கள் தோட்டப் பாதையிலும் அப்படி ஒரு வளைவு இருக்கிறது. அளந்து பார்க்க வேண்டும். தம்பி ஒரு யோசனை சொல்கிறான்: ஏஸ் வாங்கி, பின்பக்கம் கூடுதலாக ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டால் இருபது மூட்டை வரை தாங்காதா? தெரிந்தவர்கள் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

காரமடை பட்டறை

ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். அந்த வண்டிகள் பிறகு எங்களிடம்தான் வருகின்றன. பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் தாழாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, பேரிங், டயர், சேஸிஸ் ஆகிய எதுவும் அதனால் பெரிதாவதில்லை. சொல்லப்போனால், பின்புறம் தாழ்வதைப் பார்த்தாவது ஓட்டுபவருக்கு உறைக்க வேண்டிய எச்சரிக்கையைப் பட்டை மறைத்துவிடுகிறது. அதிகச் சுமையில் ஓடிய வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உட்புறம் நீலம் பாய்ந்து, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் கண்ணாடியைப் போலப் பளபளத்திருக்கும். அந்த நிலையில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது.

சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. மிகுதியை அங்கேயே இறக்கிவைக்கவும் சொல்வார்கள். மலைப்பாதையில் கேரட்டை இறக்கிவைத்துவிட்டு மாற்று வண்டி தேடும் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

நான் சொல்வது இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டி. பொலிரோ பிக்கப்பிலேயே 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை வகைகள் கிடைக்கின்றன. 1.3 டன் வண்டியில் உங்கள் பதினைந்து மூட்டை ஏறக்குறைய அறுபது சதவீதச் சுமைதான். மலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்த இடைவெளி அவசியம். பருவத்தில் முப்பது மூட்டை வரும்போது இரண்டு நடை அடிக்கலாம், அல்லது மிச்சத்துக்கு வாடகை வண்டி. பச்சை இலைக்கும் தொட்டி போதுமான நீளம்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அதே சட்டத்தின் 66-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. 1.7 டன் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும், 1.3 டன்னில் நீங்கள் எடுக்கும் மாடல் கோட்டுக்குள் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை தம்பிக்குக் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் டன்னை நம்பாமல், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வரப்போகும் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள். பிறகு நீங்களாகப் பொருத்தும் தார்ப்பாய்க் கம்பி, பக்கத் தடுப்பு, கூடுதல் தகரம் ஆகியவற்றின் எடையும், கூட வரும் சுமைதூக்கும் ஆட்களின் எடையும் அந்த மிச்சத்திலிருந்துதான் போகும். வேலையெல்லாம் முடித்த பிறகு காலி வண்டியை ஒரு முறை எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டால், எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று வீட்டில் வாதம் வராது.

மலைப்பாதை ஓட்டுநர்

1.3 டன் யோசனையை ஏற்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன், விற்பனையாளரிடம் சோதனை ஓட்டத்துக்கு வண்டியைக் கேட்டு, அந்தத் தோட்ட வளைவுக்கே கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். அப்போது மூட்டையும் ஏற்றியிருக்கட்டும்.