பழைய மினிவான் இரண்டாம் கியரில் சிக்கிக்கொள்கிறது: கியர்பெட்டியையே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். என்னிடம் 2003ஆம் ஆண்டு மினிவான் ஒன்று இருக்கிறது. 3.3 லீற்றர் வி6 இயந்திரம், 41டிஇ எனப்படும் நான்கு கியர் ஓட்டோமற்றிக் பெட்டி, இதுவரை 231,000 கிலோமீற்றர் ஓட்டம்.

மூன்று வாரங்களாக ஒரே தொல்லை. காலையில் குளிர்ந்த நிலையில் புறப்படும்போது கியர்கள் ஒழுங்காக மாறுகின்றன. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, குறிப்பாக 401 நெடுஞ்சாலையில் செல்லும்போது, வேகமானியின் முள் திடீரென்று பூச்சியத்துக்கு விழுகிறது; அடுத்த கணமே வான் ஒரு உதறலுடன் இரண்டாம் கியருக்கு இறங்கி, இயந்திரம் அலறத் தொடங்குகிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இதைவிட, நான்கு மாதங்களாக 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராகச் செல்லும்போது, கரடுமுரடான பாதையில் ஓடுவதுபோன்ற மெல்லிய நடுக்கமும் இருக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். கம்பியை இழுத்து ஒயிலைப் பார்த்துவிட்டு, "கறுத்துவிட்டது, உள்ளே கிளச் எரிந்திருக்கிறது" என்று கூறி, பெட்டியைக் கழற்றிப் புதுப்பிக்க 3,400 டொலர் கேட்கிறார்கள். வானின் விலையே அவ்வளவு வராது. ஆனால் அம்மாவை வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்வதும், அவருடைய சக்கர நாற்காலியை ஏற்றுவதும் இந்த வானில்தான். நெடுஞ்சாலை நடுவில் அவரோடு நின்றுபோவேனோ என்ற பயம் எனக்கு உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

தம்பி, என்னுடைய வானும் இதேபோல் இரண்டாம் கியரில் நின்றது. சொலினோயிட் தொகுதியை, அதாவது மின்சாரத்தால் ஒயில் வழிகளைத் திறந்து மூடும் வால்வுகளை, மாற்றினேன், சரியாகிவிட்டது. பெட்டியின் வெளிப்புறத்திலேயே பொருத்தப்பட்டிருப்பதால், பெட்டியை இறக்காமலே மாற்றலாம். அதையே முதலில் செய்யுங்கள்.

இரண்டாம் மறுமொழி

வணக்கம் தம்பி. இந்த வகைப் பெட்டிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தப் பாகத்தையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

இரண்டாம் கியரில் நிற்பது கியர் உடைந்ததற்கான அடையாளம் அன்று. பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினி, தனக்கு வரும் தகவல்களில் முரண்பாட்டைக் கண்டவுடன், சொலினோயிட்களுக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரு ரிலே மூலம் துண்டித்துவிடுகிறது. மின்சாரம் இல்லாத நிலையில் ஒயில் அழுத்தம் மட்டுமே எஞ்சுவதால், முன்னோக்கிச் செல்ல இரண்டாம் கியர் ஒன்றுதான் கிடைக்கும். ரிவேர்சும் நியூட்ரலும் பார்க்கும் வழமைபோல் இருக்கும். பெட்டியைக் காப்பாற்றவும் உங்களை வீடு சேர்க்கவும் அமைத்த ஏற்பாடு இது. சாவியை அணைத்தால் கணினி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கணினி எதைக் கண்டு இம்முடிவுக்கு வந்தது என்பதே.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேகமானி முள். உங்கள் வானில் வேகமானிக்குத் தனிச் சென்சர் கிடையாது. பெட்டியின் வெளியீட்டுத் தண்டு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை அளக்கும் சென்சரிலிருந்தே அந்தத் தகவலும் செல்கிறது. முள் முதலில் விழுந்து, அதன் பிறகு பெட்டி இரண்டுக்கு இறங்குகிறது என்றால், அந்தச் சென்சரோ அதன் வயரோ சூடானதும் அறுந்துபோகிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். கிளச் தேய்ந்திருந்தால் கதை வேறு: கியர் மாறும்போது இயந்திரத்தின் சுழற்சி ஏறும், வண்டி முன்னேறாது. வேகமானி முள் அப்போதும் பூச்சியத்துக்கு விழாது.

ஒயிலின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பெட்டிக்குரியது ஏடிஎஃப்+4 என்ற வகை ஒயில். அதன் சிவப்புச் சாயம் நிலையானது அன்று. ஓடஓடக் கபில நிறமாவதும் மணம் மாறுவதும் அதன் இயல்பு. மற்ற ஒயில்களுக்குப் பொருந்தும் "கறுத்தால் எரிந்தது" என்ற கணக்கை இதற்குப் போட்டால், நல்ல பெட்டிகளும் கழற்றப்படும்.

இவற்றைச் சொல்லுங்கள்: இயந்திரம் சூடாகி, பார்க்கில் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒயில் அளவு எங்கே நிற்கிறது? நான்கு மாதங்களுக்கு முன் யாராவது ஒயில் மாற்றினார்களா? பிழைக் குறியீடுகள் என்ன? பி0700 என்று மட்டும் வந்தால் போதாது. பெட்டியின் கணினியில் ஏதோ பதிவாகியுள்ளது என்பதே அதன் பொருள். அந்தக் கணினியோடு நேரடியாகப் பேசக்கூடிய ஸ்கானர் வேண்டும்.

அதுவரை 401ஐத் தவிர்த்து உள்வீதிகளால் செல்லுங்கள். நூறு கிலோமீற்றர் வேகத்தில் பெட்டி இரண்டாம் கியருக்கு இறங்குவது, பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. ஒயில் அளவு சூடான நிலைக்குரிய கோட்டுக்குள் சரியாக நிற்கிறது. பழைய ரசீதைத் தேடிப் பார்த்தேன். நான்கு மாதங்களுக்கு முன் ஓரிடத்தில் பெட்டி ஒயிலை மாற்றியபோது, "எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும்" வகை ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். நடுக்கம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

நண்பர் ஒருவரின் ஸ்கானரில் பி0700உடன், வெளியீட்டுச் சென்சரின் சுற்றில் பழுது என்று சொல்லும் பி0720உம் வந்தது. அவரே வெளியீட்டுச் சென்சரை மல்ரிமீற்றரால் அளந்தார். குளிர்ந்த நிலையில் 640 ஓம். வானை ஓட்டிச் சூடாக்கி, முள் விழுந்தவுடன் நிறுத்தி அளந்தபோது, இணைப்பே இல்லாததுபோல் காட்டியது.

இரண்டாம் மறுமொழி

இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. 300 முதல் 1,200 ஓம் வரை இருக்க வேண்டிய சுருள், சூட்டில் அறுந்துபோகிறது. சென்சரை மாற்றுங்கள். மாற்றும்போது இணைப்பியினுள் ஒயிலோ பச்சைக் களிம்போ ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்ராறியோவின் உப்பு வீதிகளில் இருபது குளிர்காலம் கண்ட வயர் அது.

நடுக்கம் தனிப் பிரச்சினை. இயந்திரத்தின் சுழற்சியை ஒயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் ரோர்க் கன்வேர்ட்டரின் உள்ளிருக்கும் கிளச் இறுகும்போது, பொருந்தாத ஒயிலில் அது பிடித்தும் வழுக்கியும் துடிக்கிறது. அடித்தட்டைக் கழற்றினால் ஏறத்தாழ 4 லீற்றர்தான் வெளியேறும். பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். எனவே வடிகட்டியோடு ஒருமுறையும், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுமுறையும் ஏடிஎஃப்+4 ஊற்றுங்கள். தட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தால் கவலை வேண்டாம். செதில்செதிலாக உலோகத் துண்டுகள் கிடந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

ஸ்கானர் கையில் இருக்கும்போதே, ஒவ்வொரு கிளச்சும் நிறைவதற்கு எவ்வளவு ஒயில் தேவைப்படுகிறது என்று கணினி கற்று வைத்திருக்கும் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் கூடக்கூட அந்த எண் ஏறும். பெட்டியைத் திறக்காமல் கிளச்சின் வயதை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதல் மறுமொழி அளித்தவர்

என் வானில் பழுதாகியிருந்த பாகத்தை வைத்து உங்களுக்கும் சொல்லிவிட்டேன் தம்பி. அளந்து பார்த்ததே சரி.

கேட்டவர்

இன்றோடு சென்சர் மாற்றி 600 கிலோமீற்றர். முள் ஒருமுறையும் விழவில்லை. நேற்று 401இல் ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்தேன். இணைப்பியில் களிம்பு இருந்தது, துடைத்துவிட்டோம். தட்டில் சாம்பல் படிவு மட்டுமே. முதல் ஒயில் மாற்றத்திலேயே நடுக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது மாற்றம் அடுத்த சனிக்கிழமை. கிளச் எண்களின் படத்தை அன்று அனுப்புகிறேன் அண்ணா. நாளை காலை அம்மாவை வழமையான பாதையாலேயே அழைத்துச் செல்கிறேன்.