தனி செல்லுக்கு மாற்றும்போது உள்ளே இருந்த பொருட்கள் என்ன ஆகின்றன? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மதுரை அக்கா:

என் தம்பி விசாரணைக் கைதியாகப் பதினோரு மாதம் உள்ளே இருந்தான், இப்போது ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். எந்த ஊர் சிறை என்று சொல்லவில்லை, வழக்கு இன்னும் நடக்கிறது. முதல் மூன்று மாதம் பொது பிளாக்கில் இருந்தான். அங்கே ஒரு நாள் இரண்டு கோஷ்டிக்கு அடிதடி. இவன் அதில் இல்லை, ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவன் என்பதால் "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லித் தனி செல்லுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது கண்ணாடி இல்லாமல் வந்து நிற்கிறான். மைனஸ் ஆறு பவர் அவனுக்கு. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நிற்பது நான்தானா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தான்.

"கண்ணாடி எங்கடா?" என்றால், "பிளாக் மாத்தும்போது பையை வெளியே வைக்கச் சொன்னாங்க, அப்புறம் அது வரவே இல்லக்கா" என்கிறான்.

அந்தப் பையில் பெரிய சொத்து ஒன்றும் இல்லை. இரண்டு கைலி, அம்மா சிவப்பு நூலில் பெயர் தைத்துக் கொடுத்த பெட்ஷீட், பாலிடெக்னிக் அரியர் புத்தகங்கள், மாத்திரை அட்டை, அப்புறம் ஒரு நூறு பக்க நோட்டு. எந்தத் தேதியில் எங்கே இருந்தான், யார் பார்த்தார்கள், போலீஸ் என்ன கேட்டது என்று வக்கீலிடம் சொல்வதற்காக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது அந்த நோட்டுதான். குற்றப்பத்திரிகை கைக்கு வந்தபோது அதைப் படிக்கக் கண்ணாடியும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க நோட்டும் இல்லை. புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனேன். ஃபிரேம் இரும்பு, உள்ளே விடமுடியாது என்றார்கள். பிளாஸ்டிக் ஃபிரேமோடு போனால் சூப்பிரண்டு அனுமதி வேண்டும் என்றார்கள். கடைசியில் கண்ணாடி போய்ச் சேர மூன்று வாரம் ஆனது.

விடுதலை ஆன அன்று நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. உள்ளே போன முதல் நாள் கேட்டில் வாங்கி வைத்த வாட்ச், பெல்ட், பர்ஸ், அதில் இருந்த 340 ரூபாய் எல்லாம் துணியில் கட்டி நம்பர் போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார்கள். பையைக் கேட்டால், "பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லையேம்மா." அவர் பொய் சொல்லவில்லை, பதிவேட்டில் இல்லைதான். வாசலில் வாங்கியதற்குக் கணக்கு இருக்கிறது, உள்ளுக்குள்ளேயே ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குப் போகும்போது வாங்கியதற்குக் கணக்கு கிடையாது. மற்றவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

வெளியே வந்தவன்:

நடந்திருக்கிறது அக்கா. நான் குண்டாஸில் இருந்தவன், தீர்ப்பு வந்து தண்டனை வாங்கியவன் இல்லை. எட்டுக்குப் பத்து அடி இருக்கும் அந்த செல். மூலையில் கக்கூஸ், ஒரு பக்கெட், ராத்திரி முழுக்க அணையாத ஒரு லைட். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி திறந்துவிடுவார்கள், அதுவும் ஆள் பற்றாக்குறை என்றால் ஒரு வேளைதான். சோறு கம்பிக்கு அடியில் தட்டோடு தள்ளப்படும். பொது பிளாக்கில் இருந்தபோது இரைச்சல் தாங்காமல் தலையணையைக் காதில் வைத்துப் படுத்தவன் நான், இங்கே வந்த பிறகு சாவிக்கொத்து சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்வேன், யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று.

பொருள் பற்றிக் கேட்டீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து மொண்டு குளிக்க வைத்திருந்தேன். சோதனைக்கு வரும்போதெல்லாம் அதிகப்படியான பொருள் என்று எடுத்துப் போய்விடுவார்கள், அப்புறம் அடுத்த பாட்டில் கிடைக்கும் வரை கையால் அள்ளித்தான் கால் கழுவ வேண்டும், குளிக்க வேண்டும். ஒரு வார்டர் மட்டும் சோதனை நாளில் அதை எடுத்துத் தானே வெளியே திண்டில் வைத்திருந்து, மேலதிகாரிகள் போனதும் திரும்பக் கொடுப்பார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் முகம் மறக்காது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லமாட்டார்கள். பி.சி.பி. கணக்கில், அதாவது கைதியின் பெயரில் சிறையில் இருக்கும் பணக் கணக்கில், வீட்டிலிருந்து போட்ட பணம் இருக்கும், ஆனால் தனி பிளாக்குக்கு கேன்டீன் வராது. சோப்பு வாங்க வழி இல்லாமல் நாற்பது நாள் இருந்திருக்கிறேன், என் பெயரில் பணம் இருந்தும்.

கோர்ட் வராந்தா:

நான் வக்கீல், சிறை வழக்குகள் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். அக்கா, உங்கள் தம்பி விஷயத்தில் முதல் கேள்வி, அவர் தண்டனையாகத் தனியே வைக்கப்பட்டாரா, பாதுகாப்புக்காகவா என்பது. தண்டனை என்றால் 1894ஆம் வருடச் சிறைச் சட்டப்படி தண்டனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதிலும் அளவு இருக்கிறது, முழுக்கத் தனித்து அடைப்பது 14 நாளைத் தாண்டக்கூடாது. தனிச் சிறை மூன்று மாதம் வரை போகலாம், ஆனால் மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி தர வேண்டும், சாப்பாடும் வேறு ஒருவரோடாவது சேர்ந்து. 24 மணி நேரத்துக்கு மேல் தனி செல்லில் வைத்தால், காரணம் எதுவானாலும், மருத்துவ அலுவலரோ அவரது உதவியாளரோ தினம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்று 29ஆவது பிரிவு சொல்கிறது. பாதுகாப்புக்காக என்றால் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அர்த்தம், அப்புறம் கண்ணாடியையும் நோட்டையும் பிடுங்குவது எந்தக் கணக்கில்? விசாரணைக் கைதி வீட்டிலிருந்து துணி, படுக்கை, உணவு பெறலாம் என்று 31ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அனுமதியோடு உள்ளே வந்த பணமும் பொருளும் ஜெயிலர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறது 25. 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்றவரைக்கூட அந்தக் காரணத்துக்காக மட்டும் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது என்றது. உங்கள் தம்பிக்குத் தண்டனையே இல்லை.

கண்ணாடி என்றதும் எனக்கு மும்பை பக்கத்தில் இருக்கும் தலோஜா சிறைதான் ஞாபகம் வருகிறது. 2020 நவம்பரில், விசாரணைக் கைதியாக இருந்த மனித உரிமை ஆர்வலர் கௌதம் நவ்லகாவின் கண்ணாடி அங்கே காணாமல் போனது. வீட்டிலிருந்து தபாலில் அனுப்பிய புதுக் கண்ணாடியைச் சிறை வாங்க மறுத்துவிட்டது என்று குடும்பம் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் டிசம்பரில், சிறை அதிகாரிகளுக்குப் பயிலரங்கு நடத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றது. அதே சிறையில்தான் நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார், பழங்குடி உரிமைச் செயற்பாட்டாளர் ஸ்டேன் சுவாமி, 83 வயது, பார்க்கின்சன் நோயில் கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாமல், ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. அவர் விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5இல் இறந்துபோனார். ஒரு ஸ்ட்ராவுக்கு மனு. அதை எழுதிய வக்கீல் எப்படி எழுதியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இப்போது உள்ளே ஆள் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காவல் நீட்டிப்புக்கு ஆஜர்படுத்தும்போது, நேரிலோ வீடியோவிலோ, நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லச் சொல்லுங்கள், "என்னைத் தனி செல்லுக்கு மாற்றிவிட்டார்கள், இன்னின்ன பொருள் வரவில்லை" என்று. அன்றைக்கே வக்கீல் மூலம் எழுத்திலும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இலவசம்தான். ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 67ஆவது விதி கைதியின் பொருளுக்குப் பட்டியல் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. அது உள்ளே நுழையும்போது போடுகிற பட்டியலைத்தான் சொல்கிறது, ஆனால் பிளாக் மாற்றும்போதும் அதே பட்டியலைக் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததை எழுதுங்கள்.

மதுரை அக்கா:

ரொம்ப நன்றி சார். பாதுகாப்புக்காக என்று வாயால்தான் சொன்னார்கள், தாள் எதுவும் இல்லை. தம்பி நீங்கள் எழுதியதைப் படித்தான், மருத்துவர் தினமும் வரவேண்டும் என்ற இடத்தில் நிறுத்தி, "இரண்டு தடவைதான் வந்தாரு" என்றான், வேறு ஒன்றும் பேசவில்லை. பெட்ஷீட் போனால் போகட்டும் என்கிறான், நோட்டை மட்டும்தான் கேட்கிறான். பையில் இருந்ததை எல்லாம் அவனையே வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிவிட்டேன், மொத்தம் பதினேழு பொருள் வந்தது. சிறைக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டு போகிறேன், என்ன சொல்கிறார்கள் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.