14 தலைச்சேரி ஆடுகளை ஒரே வாரத்தில் சினைக்கு விட முடியுமா?

பரண்கொட்டகை:
வணக்கம். பெருந்துறைப் பக்கம் 14 தலைச்சேரி பெட்டைகள், ஒரு கிடா வைத்திருக்கிறேன். பாலுக்காகத்தான் வளர்க்கிறேன், குட்டி விற்பது இரண்டாவது வரவு. கிடா எப்போதும் கூடவே திரிவதால் எது எப்போது சினையானது என்று தேதியே தெரிவதில்லை. போன ஐப்பசி அடைமழையில் ஐந்து ஆடுகள் முன்னும் பின்னுமாகக் குட்டி போட்டு, சளி பிடித்து நான்கு குட்டிகள் போய்விட்டன, மனசே விட்டுப்போச்சு. இந்த முறை எல்லாமே தை மாதம் ஒரே வாரத்தில் போட வேண்டும். ஊசி போட்டால் எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வரும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இப்போது ஆனி, நேரம் இருக்கிறதா?

ஆத்தங்கரை ஆட்டுக்காரன்:
தம்பி, ஊசியெல்லாம் அப்புறம். முதலில் கிடாவைப் பிரியுங்கள். பக்கத்துப் பட்டியில் கட்டினால் அது பிரித்ததாகாது. கண்ணில் படக் கூடாது, கத்துவது கேட்கக் கூடாது, முக்கியமாக அந்த வாடை வரக் கூடாது. குறைந்தது மூன்று வாரம். நான் ஒரு மாதம் மாமனார் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன். திரும்பக் கொண்டுவந்து விட்டதும் பத்து நாளுக்குள் பாதிக்கு மேல் வாலை ஆட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடும். சில ஆடுகள் இரண்டு மூன்று நாளில் ஒரு முறை காட்டி, ஐந்தாறு நாளில் மறுபடி வரும். அந்த இரண்டாவதுதான் நன்றாகப் பிடிக்கும், முதல் தடவை நிற்கவில்லை என்று கிடாவைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, கிடாவின் கொம்புக்குப் பின்னால் ஒரு துணியை நன்றாகத் தேய்த்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் வந்ததா என்று சந்தேகமாக இருக்கும் ஆட்டுக்கு அதைக் காட்டினால் அதன் வாலே சொல்லிவிடும். வீட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் அதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
மேலே சொன்னது சரி, ஆனால் நம் ஊருக்கு ஒரு வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவின் சானென் மாதிரி ஆடுகள் பகல் குறையும் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். அப்படிப் பருவச் சுழற்சி நின்றுபோன ஆட்டில்தான் கிடா திரும்பி வருவது பெரிய மாற்றத்தைச் செய்யும். நம் ஆடுகள் வருடம் முழுக்க 21 நாளுக்கு ஒரு முறை வந்துகொண்டே இருப்பதால் கிடாவை நம்பி எல்லாவற்றையும் ஒரே நாளுக்கு இழுக்க முடியாது. அதற்கு ஊசி அல்லது ஸ்பாஞ்ச் (ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஹார்மோன் பஞ்சு).

புரோஸ்டாகிளாண்டின் ஊசியை 11 நாள் இடைவெளியில் இரண்டு முறை போட்டால், இரண்டாவது ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவை வந்துவிடும். ஒரே ஊசி போதாது, சுழற்சியின் முதல் நான்கைந்து நாளில் இருக்கும் ஆட்டில் அது வேலை செய்யாது. ஸ்பாஞ்ச் வைத்தால் 11 முதல் 14 நாள், எடுக்கும் சமயத்தில் இன்னொரு ஹார்மோன் ஊசி. செலவு கூட.

பெரிய ஆபத்து வேறு. உங்கள் கிடா கூடவே திரிந்தது என்கிறீர்கள், அப்படியானால் 14-இல் சில ஏற்கெனவே சினையாக இருக்கும். சினை ஆட்டுக்கு இந்த ஊசி விழுந்தால் குட்டி கலைந்துவிடும். இன்றே கிடாவைப் பிரித்து 45 நாள் விட்டு ஸ்கேன் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் இளம் சினை தப்பிவிடும். சினை இல்லாததற்கு மட்டும் உங்கள் மருத்துவரை வைத்து ஊசி. நீங்களே வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது.

செம்மறி டூ வெள்ளாடு:
டாக்டர் சொன்னது எனக்கு நடந்தது. அவசரப்பட்டு ஸ்கேன் இல்லாமல் போட்டு மூன்று ஆடுகள் கலைந்தன. தப்பு என்னுடையதுதான்.

பரண்கொட்டகை:
ஐயோ, நல்லவேளை கேட்டேன். நன்றி டாக்டர். கணக்குப் போட்டேன்: ஜூன் 25 பிரித்தால் ஆகஸ்ட் 9 ஸ்கேன், 10-லும் 21-லும் ஊசி, 23, 24-இல் பருவம், 150 நாளில் ஜனவரி 20 வாக்கில் குட்டி. ஒரு கிடா போதுமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
கணக்கு சரி. நான்கைந்து நாள் முன்பின் ஆகும். சாதாரணமாக ஒரு கிடாவுக்கு 20, 25 ஆடுகள் வரை சரி, ஆனால் இரண்டே நாளில் எல்லாம் வந்து நின்றால் ஐந்தாறுதான் தாங்கும். காலையில் பருவம் கண்டால் சாயங்காலம் ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை விடுங்கள். கருமுட்டை பருவத்தின் கடைசியில்தான் வெளியே வரும், முதல் மணியிலேயே விட்டு அனுப்பிவிடாதீர்கள். ஊசிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அடர்தீவனம் கொஞ்சம் கூட்டுங்கள்.

பால்கணக்கு:
ஒருத்தரும் பாலைப் பற்றிப் பேசவில்லையே. எல்லாம் ஒன்றாகச் சினையானால் எல்லாம் ஒன்றாகத்தான் வற்றும். குட்டி போட இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும், ஆக கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு சொட்டு கிடையாது. வாடிக்கையாளர் இரண்டு மாதம் காத்திருப்பாரா? நான் ஒரு முறை அப்படிச் செய்து, தையில் பால் பொங்கியது, வாங்கத்தான் ஆள் இல்லை, குட்டிகளுக்கே ஊட்டினேன். கறிக்கு வளர்ப்பவர் எல்லாவற்றையும் ஒன்றாக விடலாம், நீங்கள் இரண்டாகப் பிரியுங்கள். பாதி ஆவணியில், மீதி ஐப்பசியில். இரண்டாவது கூட்டம் பங்குனியில் போடும். மழையும் தப்பும், முதல் கூட்டம் கறக்கும்போது இது வற்றும். உங்கள் ஒரே கிடாவுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பரண்கொட்டகை:
இதை யோசிக்கவே இல்லை அண்ணா. சினையானது போக மீதியை இரண்டாகப் பிரிக்கிறேன். கிடா நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறது. அங்கே ஆடு கிடையாது, கோழிகள்தான்.