டெபியன் 12: சக ஆசிரியைக்கு சூடோ கொடுத்த பிறகு ஆர்டுயினோவில் நிரல் ஏறவில்லை

கேட்டவர்:
வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறையில் 8 கணினிகள், எல்லாமே டெபியன் 12 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்). நிறுவும்போது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல் வைத்தேன். அடுத்த மாதம் மகப்பேறு விடுப்பில் போகிறேன். அதனால் சக ஆசிரியை ஒருவருக்கும் நிர்வாகி உரிமை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை இயக்குவது) போட்டால், சூடோயர்ஸ் கோப்பில் (அந்த உரிமை யாருக்கு என்று சொல்வது) பெயர் இல்லை என்று வந்தது.

எஸ்யூ அடித்து ரூட்டாக மாறி, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையைப் போட்டேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. முழுப் பாதையையும் எழுதி, பெரிய ஜி விருப்பம் மட்டும் போட்டு அவரை சூடோ குழுவில் சேர்த்தேன். மறுநாள் சூடோ வேலை செய்தது. ஆனால் அவர் கணக்கிலிருந்து ஆர்டுயினோவில் (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) நிரல் ஏற்றப் போனால் அனுமதி இல்லை என்று நின்றுவிடுகிறது. போன வாரம் வரை இதே கேபிள், இதே பலகைதான். வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறை இருக்கிறது. ஒரு கணினியில்தான் செய்து பார்த்தேன், மற்ற ஏழைத் தொடப் பயமாக இருக்கிறது.

பதில் 1:
பயப்படாதீர்கள் டீச்சர், எதுவும் கெடவில்லை. பெரிய ஜி தனியாக வந்தால் ‘இந்தக் குழுக்களில் மட்டும் இருக்கட்டும்’ என்று அர்த்தம். பழைய கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அவர் பெயர் நீங்கிவிடும். ஆர்டுயினோ செருகும் சீரியல் போர்ட் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். அவர் அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார், அவ்வளவுதான். ஜிக்கு முன்னால் சிறிய ஏ சேர்த்தால்தான் இருப்பவற்றோடு புதியதும் சேரும்.

வேறு எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஈடிசி கோப்புறையில் குரூப் என்ற கோப்புக்குப் பக்கத்தில், அதே பெயரோடு கடைசியில் ஒரு கழித்தல் குறி போட்ட கோப்பு இருக்கும். கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலை அதில் அப்படியே இருக்கும். இன்னொரு மாற்றம் செய்தால் அது மேலெழுதப்பட்டுவிடும், அதனால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவர் பெயர் எந்தெந்த வரியில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் குழுக்களில் அவரை மறுபடி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், எஸ்யூவுக்குப் பிறகு ஓர் இடைவெளியும் கழித்தல் குறியும் போடுங்கள். போடாவிட்டால் சாதாரணப் பயனரின் பாதைப் பட்டியலே (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகள்) தொடரும், எஸ்பின் கோப்புறையில் இருக்கும் கட்டளைகள் கிடைக்காது. யூசர்மாட் ‘இல்லை’ என்று சொன்னது அதனால்தான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. டெபியனில் நான் யூசர்மாட் பக்கமே போவதில்லை. அட்யூசர், பயனர் பெயர், குழுவின் பெயர் என்று மூன்று சொல் அடித்தால் போதும், சேர்க்க மட்டுமே செய்யும். ஏ விட்டுப்போகும் பேச்சே இல்லை.

கேட்டவர்:
அந்தக் கோப்பில் டயல்அவுட், ஆடியோ, வீடியோ, பிளக்டெவ் நான்கிலும் அவர் பெயர் இருந்தது! நான்கிலும் சேர்த்துவிட்டேன். ஆனால் அவர் திரையில் இன்னும் அதே பிழைதான் வருகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆய்வக உதவியாளர் அண்ணன் மென்பொருள் புதுப்பிப்பும், பிரிண்டர் மாட்டிக்கொண்டால் அச்சுச் சேவையை மறுதொடக்கமும் மட்டும் செய்வார். அவரையும் சூடோ குழுவில் சேர்க்கலாமா?

பதில் 1:
அவர் முழுசாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். முனையத்தை மூடித் திறந்தால் போதாது. ஐடி என்று மட்டும் அடித்தால் இப்போதைய அமர்வின் குழுக்களைக் காட்டும், ஐடியோடு பெயரையும் அடித்தால் கோப்பில் உள்ளதைக் காட்டும். இரண்டும் வேறாக இருந்தால் இன்னும் பழைய அமர்வில்தான் இருக்கிறார்.

பதில் 2:
உதவியாளருக்கு சூடோ குழு வேண்டாம், தயவுசெய்து. நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. கை தவறி ஒரு கட்டளை போனால் பழி அவர் தலையில் விழும். விசூடோவுக்கு (சூடோயர்ஸ் கோப்புகளைத் திருத்தும் கட்டளை) எஃப் விருப்பம் கொடுத்து, சூடோயர்ஸ் டாட் டி கோப்புறையில் தனிக் கோப்பு திறங்கள். கோப்பின் பெயரில் புள்ளி வரக்கூடாது, வந்தால் சூடோ அதைப் படிக்காது. உள்ளே ஒரே வரி: அவர் பெயர், இடைவெளி விட்டுப் பெரிய எழுத்தில் ஆல், சமக் குறி, பிறகு சிஸ்டம்சிடிஎல்லின் (சேவைகளைக் கட்டுப்படுத்தும் கட்டளை) முழுப் பாதை, அதோடு ரீஸ்டார்ட் கப்ஸ் (கப்ஸ்தான் அச்சுச் சேவை). ரீஸ்டார்ட், கப்ஸ் என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டால் எந்தச் சேவையையும் அவர் நிறுத்த முடியும்.

ஏபிடியை (மென்பொருள் நிறுவிப் புதுப்பிக்கும் கட்டளை) அதில் எழுத வேண்டாம். புதுப்பிக்கும் நடுவில் அமைப்புக் கோப்பு பற்றிக் கேள்வி வந்தால், இசட் அழுத்தினாலே ரூட் ஷெல் (எந்தக் கட்டளையையும் ரூட்டாக அடிக்கும் இடம்) திறந்துவிடும். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் நிறுவுங்கள், பாதுகாப்புப் புதுப்பிப்பு தானாகவே நடக்கும்.

கேட்டவர்:
வெளியேறி வந்ததும் நிரல் ஏறிவிட்டது, பலகையில் விளக்கு மின்னுகிறது. மற்ற ஏழிலும் அட்யூசரால் சேர்த்துவிட்டேன். உதவியாளர் அண்ணனுக்கும் அந்த ஒரு வரி எழுதியாயிற்று. அவரையே உட்கார வைத்து சூடோவுக்கு எல் விருப்பம் போடச் சொன்னேன், அந்த ஒரு கட்டளை மட்டும்தான் பட்டியலில் வந்தது. இருவருக்கும் மிக்க நன்றி.