கற்பனைப் புல்வெளிக் குலங்கள்: குதிரை மட்டும் போதுமா?

தோற்பை:
நம் கதைக்காகச் சேர்ந்து உருவாக்கும் வெண்புல் நாட்டில் குலங்களிடம் ஆடே கிடையாது, முழுக்கக் குதிரைதான் என்று எழுதியிருக்கிறது. இது நிற்காது. குதிரைப் பாலில் கொழுப்பு இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். வெண்ணெய் எடுக்க முடியாது, கெட்டித் தயிராகவும் உறையாது. புளிக்கவைத்துக் குடிக்கலாம், அதுவும் கோடையில். குளிருக்கு என்ன மிஞ்சும்? கூடாரத்துக்குத் தடித்த கம்பளி வேண்டும், அது செம்மறி மயிர். குதிரை மயிர் கயிற்றுக்குத்தான் ஆகும்.

குளம்படி:
சேமிப்பு என்றால் பால்தானா? மத்திய ஆசியப் புல்வெளியின் கசாக்கியர் குளிர் தொடங்கும்போது கொழுத்த குதிரையை அறுத்து, விலாக்கறியைக் கொழுப்போடு குடலில் அடைத்து, உப்பிட்டுக் காயவைப்பார்கள். பனியைக் குளம்பால் கிளறிப் புல் மேயக் குதிரைக்குத் தெரியும், மாட்டுக்கு வராது. கம்பளியைக் குதிரை கொடுத்து வாங்கலாம். சோங் அரசமரபுக் காலச் சீனா தேயிலை கொடுத்துத் திபெத்தியரிடம் குதிரை வாங்கியதே!

குட்டிக்கயிறு:
கறவையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தரையையொட்டி நீளக் கயிறு இழுத்து, பகல் முழுக்கக் குட்டிகளை அதில் பிணைக்க வேண்டும். தாய்கள் தூரம் போகாது. மடி சிறியது, அதனால் ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை கறவை. குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் வாயை விலக்கித் தாயின் பக்கத்திலேயே ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஒரு முழங்காலை ஊன்றிக் கறப்பார். இரவில் குட்டியை அவிழ்த்துவிடாமல் பேராசைப்பட்டால் அது மெலியும், குளிரைத் தாண்டாது. ஆகவே நடுக்கோடைப் படையெடுப்பு அத்தியாயத்தை மாற்றுங்கள். கறவைக் காலத்தில் ஆள் நகர முடியாது. இலையுதிர் காலத்தில் குதிரைக்கும் சதை பிடித்திருக்கும், அப்போது கிளம்பட்டும்.

தோற்பை:
குளம்படி, பனி உருகி மறுபடி உறைந்தால்? மேலே கட்டி ஓடு படியும், கிளறினால் கால்தான் கிழியும். 2009-10 குளிரில் மங்கோலியாவில் 80 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்தன. அதன்பின் மீள்வதுதான் பெரிய பாடு. குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி, அந்தக் குட்டி ஈனவே மூன்று நான்கு வருடம். செம்மறிக்கு ஐந்தே மாதம்.

குளம்படி:
அதனால்தான் வணிகம் என்கிறேன். இழந்த குலம் பக்கத்துக் குலத்திடம் பெண் குதிரைகளைக் கடனாகப் பெறும், குட்டியில் பங்கு தரும்.

தோற்பை:
பக்கத்துக் குலமும் அதே குளிரில் இழந்திருக்குமே. மலையடிவாரத்தாருக்காவது செம்மறி கொடுங்கள். குதிரை முன்னே பனியைக் கிளறிப் போகட்டும், ஆடு பின்னே மேயட்டும்.