1960களில் ஹியூகோ, நெபுலா பரிசு பெற்ற நாவல்கள்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
1960இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ பரிசு பெற்ற ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில், அரசுக்குச் சேவைக்காலம் முடித்தவருக்கே வாக்குரிமை உண்டு. கதை முழுவதும் ஒரு போர்வீரனின் பார்வையில் நகர்கிறது. 1970இல் அதே பரிசைப் பெற்ற உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலிலோ, நிலையான ஆண், பெண் வேறுபாடே இல்லாத மக்கள் வாழ்கிறார்கள். இந்தப் பத்தாண்டு இடைவெளியில் என்ன நடந்தது? ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை மட்டும் படித்திருக்கும் நான் அடுத்து எதைப் படிக்கலாம்?

மறுமொழி 1:
பரிசு கொடுப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். ஹியூகோவுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது பெரும்பாலும் வாசகர்கள், வாக்களிக்கிறார்கள். 1965இல் எழுத்தாளர் டேமன் நைட் முன்னின்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியபின், எழுத்தாளர்களே வாக்களிக்கும் நெபுலா 1966இல் வந்தது. அதன் முதல் நாவல் பரிசு, பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பி, கார் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம் வெளியிட்ட உங்கள் ‘டியூனு’க்குத்தான். அதே ஆண்டு ஹியூகோவையும் ரோஜர் ஜெலாஸ்னியின் நாவலோடு அது பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டே இரு தரப்பும் பிரிந்தன: வாசகர்கள் மீண்டும் ஹைன்லைனைத் தேர்ந்தெடுக்க, எழுத்தாளர்கள் டேனியல் கீஸுக்கும், இருபத்தைந்து வயதைக்கூட எட்டாத சாமுவேல் டிலேனிக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தார்கள்.

மறுமொழி 2:
கீஸின் ‘ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். அறிவுத்திறன் குறைந்த சார்லி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் மேதையாகி, மீண்டும் பழைய நிலைக்குச் சரிவதை அவனது குறிப்பேட்டின் எழுத்துப்பிழைகளே சொல்லிவிடுகின்றன. நிறுத்தக்குறி என்று ஒன்று உண்டு என அறிந்ததும் கண்ட இடமெல்லாம் காற்புள்ளியைத் தூவும் பக்கத்தில் சிரித்துவிட்டு, கடைசிப் பக்கங்களில் அதே பிழைகள் திரும்பும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது முதலில் 1959இல் சிறுகதையாக வந்தது. ‘கேலக்ஸி’ இதழாசிரியர் முடிவை மகிழ்ச்சியானதாக மாற்றக் கேட்க, கீஸ் இணங்காமல் வேறு இதழுக்குக் கொடுத்தார். அச்சிறுகதைக்கும் 1960இல் ஹியூகோ கிடைத்தது. ஆகவே, நீங்கள் சொல்லும் மாற்றத்தின் விதை அப்போதே விழுந்திருந்தது.

மறுமொழி 3:
பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள் என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. 1968 ஜூன் ‘கேலக்ஸி’ இதழில் வியட்நாம் போரை ஆதரித்தும் எதிர்த்தும் எழுத்தாளர்கள் கையொப்பமிட்ட இரு கட்டண விளம்பரங்கள் எதிரெதிரே வெளிவந்தன. ஹைன்லைன் ஆதரவுப் பட்டியலிலும் லெ குவின் எதிர்ப்புப் பட்டியலிலும் இருந்தார்கள். பரிசுப் பட்டியலும் ஏறத்தாழ அப்படித்தான், இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே, கீஸிடமிருந்தே தொடங்குகிறேன். லெ குவின் நாவல் தமிழில் எப்படி ஒலிக்கும் என்றும் யோசிக்கிறேன். அரசர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி ஆங்கிலத்தில் தரும் அதிர்ச்சி தமிழிலும் வருமா?

மறுமொழி 3:
‘அரசர்’ என்ற சொல்லால் அந்த ஓரிடத்தில் வந்துவிடும். சிக்கல் மற்ற இடங்களில்தான். அம்மக்களை ஆண்பாலிலேயே சுட்டியதற்காக லெ குவின் பின்னாளில் விமர்சிக்கப்பட்டார். நம் ‘அவர்’ அந்தக் குறையை எளிதில் நீக்கிவிடும். ஆனால் பூமியிலிருந்து வந்த கதைசொல்லி எல்லாரையும் ஆணாகவே பார்த்துத் தடுமாறுவதும் அதனோடு மறைந்துவிடும். நான் மொழிபெயர்த்தால் ‘அவன்’ என்றே எழுதுவேன்.