எல்லாரும் புகழும் சுருட்டு எனக்கு மட்டும் கசக்கிறது: மீதியை என்ன செய்யலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி), மார்கழி

வணக்கம். பெரியம்மாவின் மகன் சுவிஸிலிருந்து வந்தபோது சின்னப் பெட்டி ஒன்றில் சுருட்டு கொண்டுவந்து தந்தார். நிக்கரகுவாவில் சுற்றியது, ரொபுஸ்டோ என்கிற கட்டையான, தடித்த அளவு. பெயரை எழுதி அந்தக் கொம்பனியோடு கொழுவ விருப்பமில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தால் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. கொக்கோ, கோப்பி, வறுத்த கச்சான் என்று ஆளுக்கொரு சுவையை எழுதி, தொண்ணூறுக்கு மேல் புள்ளியும் போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்ததோ வேறு. இழுக்க இழுக்கப் புகை வரவில்லை, கன்னம் நொந்ததுதான் மிச்சம். ஒரு பக்கம் எரிந்து இறங்க, மற்றப் பக்கம் பச்சையாகவே நின்றது. அடிக்கடி அணைந்தது. பாதி தாண்டியபின் வாயெல்லாம் கசப்பு, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல். நான் சுருட்டுக்குப் புதியவன் இல்லை. யாழ்ப்பாணச் சுருட்டு இடைக்கிடை பிடிப்பேன், அதில் இப்படி ஒன்றும் நடந்ததில்லை.

வைத்திருந்த இடம் குசினி அலுமாரி. அரிசி, மிளகாய்த்தூள் வைக்கும் தட்டுக்கு மேல் தட்டு. மழை தொடங்கியதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. மீதியை எறிய மனமில்லை. பிழை சுருட்டிலா, வைத்த இடத்திலா? பிரிட்ஜில் வைத்தால் சரிவருமா?

நெடுங்கேணிப் பெடியன்

பிரிட்ஜ் வேண்டாம் அண்ணை. பனி உறையாத புதுவகைப் பிரிட்ஜ் ஈரத்தைக் கண்டபடி உறிஞ்சிவிடும். அதைவிடப் பெரிய பிரச்சினை மணம். நேற்றைய மீன்குழம்பு பக்கத்தில் இருந்தால் சுருட்டும் மீன்குழம்புதான்.

வற்றாப்பளை வாசி

எங்கள் பக்கம் ஈரமான கைபேசிக்குச் செய்கிற வேலையைச் செய்யுங்கள். அரிசி வாளிக்குள் புதைத்து வையுங்கள், ஈரம் போய்விடும்.

மடு வீதி (மன்னார்)

அரிசிக்குள் தயவுசெய்து வைக்க வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. சுருட்டை இரண்டு விரலால் மெதுவாக அமத்திப் பாருங்கள். கொஞ்சம் அமர்ந்து உடனே திரும்பி வந்தால் பதம் சரி. மொறுமொறு என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. பஞ்சுபோல் அமர்ந்தபடியே நின்றால் ஈரம் கூடிவிட்டது. உங்கள் சுருட்டு மூன்றாவது வகை என்றுதான் நினைக்கிறேன்.

புகையிலை காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். சுருட்டு பிடிப்பவர்கள் 65 முதல் 70 வீத ஈரப்பதனில் வைப்பார்கள். நிக்கரகுவாச் சுருட்டுக்கு 62, 65 என்று இன்னும் குறைத்து வைப்பவர்களும் உண்டு. மாரியில் வன்னியில் வெளிக்காற்று 80ஐத் தாண்டித்தான் நிற்கும். உள் இலை ஊதி வழியை அடைத்துவிடும், அதனால்தான் இழுக்க முடியவில்லை. ஈர இலை ஒழுங்காக எரியாது, அதனால் ஒரு பக்கம் முந்துகிறது. அணைந்துவிடுமோ என்று நாம் பலமாக இழுக்க, நெருப்பு சூடாகிக் கசப்பு வரும். நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காரணமே போதும்.

மருந்தும் லேசானதுதான். காற்றுப் புகாமல் மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று எடுங்கள், மணம் இல்லாத புதுப் பெட்டி. ஈரத்தை எடுக்கவும் கொடுக்கவும் கூடிய பொட்டலம் விற்கிறார்கள், பொவேடா என்று கேட்டால் தெரியும். அதில் 62 அல்லது 65 என்று எண் போட்டது ஒன்றைப் போட்டு மூன்று கிழமை மூடி வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலத்தைப் போடாதீர்கள். அது சட்டென்று காயவைக்க, மேல் இலை வெடித்துவிடும்.

பெட்டிக்குள் சின்ன ஈரமானி வைத்தால் நல்லது, ஆனால் மலிவானவை கனக்கப் பொய் சொல்லும். சோதிக்க ஒரு போத்தல் மூடியில் ஆனையிறவு உப்பு போட்டு, சில துளி தண்ணீர் விட்டுச் சேறு பதமாக்குங்கள். கரைய விடக்கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஒரே சிப்லொக் பையில் மூடி ஒரு நாள் விட்டால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அரிசிக் கதை. புகையிலையைத் தின்னும் சின்ன மண்ணிற வண்டு ஒன்று இருக்கிறது. அதே வண்டு அரிசி, மா, மிளகாய்த்தூள் எல்லாவற்றிலும் குடியிருக்கும். 24, 25 பாகைக்கு மேல் போனால் முட்டை பொரித்துப் பெருகும், 30 பாகை என்றால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் ஊர் வெப்பம் தெரியும்தானே. உங்கள் அலுமாரியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்த பயம் இதுதான். மேல் இலையில் குண்டூசித் துளை ஏதாவது இருக்கிறதா?

குளக்கட்டு

அமத்திப் பார்த்தேன், பஞ்சுதான். துளை ஒன்றும் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம் படர்ந்திருக்கிறது. பழைய சுருட்டில் வரும் எண்ணெய்ப் பூ, நல்ல அறிகுறி என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியா?

மடு வீதி (மன்னார்)

மாரியில் குசினி அலுமாரியில் வந்தது பூஞ்சணம்தான். அந்தப் பூக்கதையை நான் நம்புவதில்லை. பற்றவைக்கும் அடிப்பக்கத்து உள் இலையிலும் அது தெரிந்தால் எறிந்துவிடுங்கள். மேல் இலையில் மட்டும் என்றாலும் மற்றவற்றோடு வைக்காதீர்கள். எனக்கென்றால் அதைப் பிடிக்க மனம் வராது.

பூச்சிக்குப் பயமென்றால் ஒரு வழி இருக்கிறது, பிரிட்ஜ் பயன்படுவது இந்த ஒரு வேலைக்குத்தான். முதலில் ஈரத்தை இறக்குங்கள், ஈரச் சுருட்டை உறைய வைத்தால் வெடிக்கலாம். பிறகு சிப்லொக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ப்ரீசரில் மூன்று நாள், கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே.

கொட்டில்காரன் (மல்லாவி)

தம்பி, ஈரக் கணக்கு மன்னார்ப் பிள்ளை சொன்னது சரி. நான் இடப்பெயர்வுக்கு முன் யாழ்ப்பாணத்தில் சுருட்டுக்கொட்டிலில் இருந்தவன். எனக்குப் பட்டதையும் சொல்கிறேன்.

யாழ்ப்பாண இலை புகை போட்டு, கோடா என்கிற இனிப்புச் சாறு தெளித்துப் பதப்படுத்தியது. பிடிக்கும்போது இனிப்பும் புகைநெடியும் முன்னுக்கு நிற்கும். நிக்கரகுவாச் சுருட்டில் கோடா கிடையாது. காற்றில் உலர்த்தி, குவித்துப் புழுங்க வைத்த இலை. உங்கள் நாக்கு கோடாவைத் தேடியிருக்கும். அது வராதபோது வந்ததெல்லாம் கசப்பாகத்தான் படும். அடுத்த முறை நம்முடைய சுருட்டோடு ஒப்பிடாமல் பிடியுங்கள்.

தலைச்சுற்றுக்கு ஈரத்தைக் குறை சொல்ல முடியாது. புகையை நெஞ்சுக்குள் இழுத்தீர்களா? சுருட்டுப் புகையின் நிக்கொட்டின் வாய்த்தோலாலேயே உடம்பில் சேரும். சிகரெட் மாதிரி உள்ளே இழுத்தால் அதைவிடக் கூடும். நிக்கரகுவாவில் எஸ்தெலிப் பக்கத்து இலை வேறு சரியான காரம். செடியின் உச்சி இலையை உள்ளே கூட வைத்தால் இன்னும் ஏறும். வெறுவயிற்றில் பிடிக்கவே கூடாது. சுற்றினால் வைத்துவிட்டு, சீனி போட்ட தேத்தண்ணீர் குடியுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு இழுவை போதும். அந்த அளவுச் சுருட்டு முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் போக வேண்டும். வாடைக்காற்றில் குளக்கட்டில் இருந்து பிடித்தால் (பெயரைப் பார்த்துச் சொல்கிறேன்) எந்தச் சுருட்டும் ஒரு பக்கமாகத்தான் எரியும். விறாந்தையில், காற்றுக்கு மறைவாக இருங்கள். பெற்றோல் லைட்டர் வேண்டாம், நெருப்புக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்தபின் பற்றவையுங்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கம் மெல்லிய தொப்பியை மட்டும், இரண்டு மில்லிமீற்றர் அளவு, கூரான கத்தியால் வெட்டுங்கள்.

காய்ந்த பிறகும் இழுவை இறுக்கமாக இருந்தால் சுற்றின கையின் பிழை. தென்னை ஈர்க்கை நடுவால் மெதுவாக விட்டு எடுங்கள். கொட்டிலில் நாங்கள் செய்ததுதான்.

சந்தேகப் பிராணி (வவுனியா)

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவ்வளவு பாடுபட்டபிறகும் பிடிக்காவிட்டால்? புள்ளி போடுகிறவன் ஏசி அறையில், ஈரம் பார்த்த பெட்டியிலிருந்து எடுத்துப் பிடிக்கிறான். அவன் நாக்கு அவனுக்கு. வாய்ப்புற்று வருவதற்கு நல்ல சுருட்டு, கூடாத சுருட்டு என்ற வித்தியாசமும் இல்லை. இத்தோடு விட்டால் லாபம் என்பது என் கட்சி.

கொட்டில்காரன் (மல்லாவி)

அதுவும் சரிதான். என் இருமலைக் கேட்டால் தம்பி இன்னும் பலமாகச் சொல்வார்.

குளக்கட்டு, மாசி

சொன்னவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று வந்தேன். பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிட்டேன். பொட்டலம் கொழும்பிலிருந்து மச்சான் கொண்டுவந்தார், 65. பொங்கல் கழியும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. ஈரமானி உப்புச் சோதனையில் 71 காட்டியது, ஆகவே நாலு கூட்டித்தான் பார்க்கிறேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டபின் விறாந்தையில் பற்றவைத்தேன். இழுவை லேசாகிவிட்டது, ஈர்க்கு தேவைப்படவில்லை. சாம்பல் நேராக நின்றது, ஒரு தடவையும் அணையவில்லை. தொடக்கத்தில் மிளகுக் காரம் மூக்குவரை ஏறியது. நடுவில் சீனி போடாத கோப்பி மாதிரி ஒன்று வந்தது, அது உண்மையாகவே நன்றாக இருந்தது. கடைசி மூன்றிலொரு பங்கில் காரம் திரும்ப ஏற, அங்கேயே வைத்துவிட்டேன். தலை சுற்றவில்லை.

ஆனால் தொண்ணூறு புள்ளி போடமாட்டேன். என் கணக்கில் நடுப்பகுதிக்கு மட்டும்தான் புள்ளி. வறுத்த கச்சான் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. அண்ணனிடம் என்ன சொல்வது?

சந்தேகப் பிராணி (வவுனியா)

நடு நல்லது என்று சொல்லுங்கள். அடுத்தமுறை சொக்லேட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மடு வீதி (மன்னார்)

மீதியைப் பொட்டலத்தோடு அப்படியே மூடி வையுங்கள், சில மாதம் கிடந்தால் காரம் கொஞ்சம் இறங்கும். சித்திரை வெயில் தொடங்குமுன் ப்ரீசர் வேலையை முடித்துவிடுங்கள். பொட்டலம் கல்லுப்போல் இறுகினால் மாற்ற வேண்டும். பெட்டியை அரிசித் தட்டுக்கு மேல் திரும்பவும் வைக்க வேண்டாம்.